தேவானந்தம் வாசித்த தலையங்கம்

தேவானந்தத்தின் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! 1937-இல் கோயமுத்தூர் மார்க்கெட்டுக்கு வரும் தொண்டாமுத்தூர் வண்டிக்காரர்கள், காய்களை இறக்குவதற்கு முன்பே காப்பிக் கடையில் கூடிவிடுவார்கள். கடைக்கு ஒரே பத்திரிகை. அதை வாசிக்கத் தேவானந்தம் ஒருவர்தான். மில்லில் நூல் நூற்பவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதபாடம் வாசிப்பவர். தலையங்கத்தையும் அதே கம்பீரத்தோடு வாசிப்பார். கேட்பவர்களுக்கும் அது வேதவாக்குதான்.

தலையங்கத்தின் அந்த எழுத்து நடைமேல் மனிதருக்கு அப்படியொரு பைத்தியம். "விஷமிகளின் துர்ப்போதனை" என்று வந்துவிட்டால் போதும், எழுதியவருக்கே வராத கோபம் இவருக்கு வந்துவிடும்.

அந்த வருஷம் அவர் மில்லிலேயே வேலைநிறுத்தம் வந்தது. பன்னிரண்டாம் நாள், தொழிலாளர்களுக்குச் சமைக்கும் கஞ்சிக் கொட்டகையில் வெறும் அரிசிதான் மிச்சம். வண்டிக்காரர்களிடம் காய் கேட்கத்தான் அன்று காலை வந்தார். வண்டிக்காரர்களில் ஒருவரான விவசாயி காளிச்சாமி கேட்க விடவில்லை.

"மொதல்ல வாசிச்சுப்போடுங்க. அப்பறம் பேசிக்கலாமுங்க."

பிரித்தால், தலையங்கம் அவர் மில்லைப் பற்றியே! மடித்து வைத்திருக்கலாம் இல்லையா? பழக்கம் விடுமா? குரல் தானாக உயர்ந்தது. "மதிமயங்கிய சோம்பேறிக் கும்பலொன்று நகரத்தின் அமைதியைச் சூறையாடுகிறது!" ஒரு சொல் விடாமல் முழங்கித் தீர்த்தார். கடையே கொதித்தது.

"இவிகள அடிச்சு முடுக்கோணுமுங்க!" என்று விரட்டக் கிளம்பியவர்போல் காளிச்சாமி எழுந்தே விட்டார்.

தேவானந்தம் பத்திரிகையை மடித்துக் கீழே வைத்தார்.

"அந்தக் கும்பல் நாந்தானுங்க. பத்து மணி நேரம் நின்னே நூல் நூத்த சோம்பேறி. உங்ககிட்டக் கத்திரிக்கா வாங்குற பாவாத்தாளும் அதுல ஒருத்திங்க. பச்சக் கொழந்தைக்குப் பால் குடுக்க நேரம் கேட்டா. வேற ஒண்ணும் சூறையாடலீங்க."

பாவாத்தாளை எல்லோருக்கும் தெரியும். காளிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வண்டியப் பூட்டுங்கப்பா! காயி கஞ்சிக் கொட்டாய்க்குப் போவுட்டும்!"

ஒன்பது வண்டி, ஐயா, ஒன்பது வண்டி! மார்க்கெட்டே வேடிக்கை பார்க்க, வரிசையாகத் திரும்பின. முதல் வண்டியில் காளிச்சாமி பக்கத்தில் தேவானந்தம். சந்தோஷத்தில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாதி வழியில் காளிச்சாமி கேட்டார்.

"ஏனுங்க, போன மாசம் வேறொரு மில்லுக் கும்பல்னு வாசிச்சீங்களே. அதக் கேட்டுப்போட்டு, அந்த மில்லுலருந்து காயி கேட்டு வந்தவிகள நாங்க வெறுங்கையோட முடுக்கி உட்டமுங்க. அவிக ஆருங்க?"

தேவானந்தம் வாயைத் திறந்தார். அந்தப் பெரிய குரல் அவரிடம் இல்லை.

"நான் விசாரிக்கவே இல்லீங்க" என்றார்.