காலில் சொரணை

எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒருவரை நோகடிக்கக் கெட்ட வார்த்தை தேவையில்லை. "சொரணை இருக்கா?" என்று கேட்டால் போதும். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவளை வேலை வாங்கும் மண்டோர் அப்படித்தான் கேட்பார். ஏச்சு வாங்கியும் பேசாமல் நின்றால் சொரணை கெட்டவள். பதில் சொன்னால் திமிர் பிடித்தவள். நடுவில் நிற்க இடமே இல்லை.

பெண் கேட்டு வரும்போது மட்டும் அதே சொல் நல்ல சொல்லாகிவிடும். சொரணையுள்ள பிள்ளை, ஒரு தடவை சொன்னால் போதும் என்பார்கள். என்னை அப்படித்தான் சொன்னார்கள். நான் கூச்சக்காரி. யாராவது குரலை உயர்த்தினாலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதைச் சொரணை என்று எடுத்துக்கொண்டார்கள்.

உடம்புக்கும் அந்தச் சொல்தான். மழைக்காலத்தில் பால்வெட்டும் கத்தியைப் பிடித்த விரல் விறைத்துப்போனால், கையில் சொரணையே இல்லை என்போம். வெயில் ஏறினால் திரும்ப வந்துவிடும். போனது வராமலும் இருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

லிங்கிப் பக்கத்துத் தோட்டத்தை விட்டு, ரஹாங்கில் மகள் வீட்டுக்கு வந்து பல வருடமாகிறது. எனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. ஒரு முறை கிளினிக்கில், நாங்கள் மிஸி என்று கூப்பிடும் மலாய் நர்ஸ் ஒருவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொடுவார், தெரிந்தால் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். நான் காத்திருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. அவர் குனியும்போது ஸ்டூல் கிரீச்சிட்டது. உடனே, "தெரியுது" என்று மலாயில் சொன்னேன். அப்புறம் கிரீச்சிட்ட போதெல்லாம் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். பெரட்டில் கணக்கு எழுதும் கிராணி பேர் வாசிக்கும்போது கால் வலி, கை மரத்துப்போச்சு என்று யாரும் வாய் திறக்க மாட்டோம். திறந்தால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. மறுநாள் நம் மர நிரையில் வேறொருத்தி பால் வெட்டிக்கொண்டிருப்பாள். காய்ச்சலோடு நின்றாலும், நல்லா இருக்கேங்க என்றுதான் சொல்வோம். அத்தனை வருடம் சொல்லிப் பழகிய வாய் இது. பரிசோதிக்கிறவர் யாராக இருந்தாலும் அதற்குக் கிராணிதான்.

மிஸி, பாகுஸ், நல்லது என்று மெச்சி அனுப்பினார். வெளியே காத்திருந்த மகளிடமும் நல்லா இருக்காம் என்றேன். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போய்விட்டது.

தோட்டத்தில் எனக்குப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவளுக்கும் இனிப்பு நீர்தான், முதலில் கால் கட்டைவிரலை எடுத்தார்கள். பிறகு முழங்கால் வரைக்கும். பார்க்கப் போனபோது, "எறும்பு கடிச்சாக்கூடத் தெரியலக்கா, நல்லதுதான்னு சிரிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு என் கால் விரலைக் கிள்ளும்போதெல்லாம் அவள் சொன்னது காதில் கேட்டது. நகம் பதியும். வலிக்காது. மகளிடம் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகள் தரையைப் பார்த்தபடியே நடந்து வந்தாள். பின்கதவிலிருந்து அடுப்படிக்கு, அங்கிருந்து நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குச் சிவப்புப் பொட்டுகள். என் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்காலில் கண்ணாடிச் சில் ஒன்று ஏறியிருந்தது.

"எப்பம்மா குத்துச்சு?"

"இப்பத்தான்."

"காஞ்சு கெடக்குதும்மா. துணி காயப்போடப் போனது மத்தியானம்லா?"

அன்றைக்கு மிஸியிடம் என்ன சொன்னேன் என்று கேட்டாள். சொன்னேன். சில்லைப் பிடுங்கித் துணி சுற்றினாள். பிறகு, "அது என்னா பரீட்சையா, பாஸ் பண்றதுக்கு?" என்றாள். ஏசியிருந்தால் தேவலை.

மறுநாள் அதே மிஸி. போன தடவை சொன்னது பொய் என்பதை மலாயில் எப்படிச் சொல்வதென்று காரிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். பாதி மறந்துவிட்டது. ஆனாலும் அவருக்குப் புரிந்தது. கோபிக்கவில்லை. திரும்பத் தொட்டுப் பார்த்து நிறைய எழுதினார். புண்ணைச் சுற்றிக் கறுத்தால் காத்திருக்காமல் வர வேண்டும் என்றார் டாக்டர். தினமும் காலைப் பார்க்க வேண்டும், தொட்டும் பார்க்க வேண்டும்.

பதினோரு நாளாகிறது. புண் இன்னும் மூடவில்லை. கறுக்கவும் இல்லை என்கிறாள் மகள். எனக்காகச் சொல்கிறாளோ என்று நானும் கண்ணாடியைப் பிடித்துப் பார்க்கிறேன். சாயங்காலம் என் காலை மடியில் வைத்துக்கொள்கிறாள். பெற்ற பிள்ளைதான், ஆனாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டுப் பஞ்சால் தொடுகிறாள்.

"இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. விழுங்கிக்கொள்கிறேன். நேற்று கணுக்கால் எலும்புக்குக் கீழே வந்ததும் நிறுத்தி, "இங்கம்மா?" என்றாள்.

ஏதோ இருந்த மாதிரி இருந்தது. இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதாகவும் இருக்கலாம்.

"தெரியல ஆயி, இன்னொரு தடவ தொடு" என்றேன்.