முதுகு மட்டும் தெரிகிற அம்மா

எனக்குச் சந்தேகப் புத்தி. வீட்டைப் பூட்டி இழுத்துப் பார்ப்பேன். படி இறங்கிய பிறகு மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பேன். பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று முடிவு கட்டுவேன். இப்படிப்பட்டவள் குழந்தைகளுக்குக் கதை எழுதலாமா என்று கேட்கிறவர்கள் குழந்தைகளோடு பழகாதவர்கள். கதை கேட்கும் குழந்தையைப்போல் சந்தேகப் பிராணி உலகத்தில் கிடையாது. “அப்போ நரி ஏன் ஓடிப் போகலை?” என்று கேட்டு உயிரை வாங்கிவிடும். அந்த ஜாதிதான் நானும்.

ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எழுத ஆரம்பித்தேன். பக்கத்துக்கு ஓரிரண்டு வரி, மீதியெல்லாம் படம் என்கிற மாதிரிப் புத்தகங்கள். நான் சொல்லவந்த புத்தகத்தில் ஒரு சின்னப் பெண் வருகிறாள். மாதுங்காவில் வீடு. அவள் அம்மா தினமும் லோக்கல் ரயில் பிடித்து ஃபோர்ட்டுக்கு வேலைக்குப் போகிறாள். அம்மா திரும்பி வரும்வரை அந்தப் பெண் பால்கனியில் நின்று என்னென்ன பார்க்கிறாள் என்பதுதான் கதை. அது என் வீட்டுக் கதை, அந்தப் பெண் என் மகள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம்கூட.

படம் வரைய ஆள் பிடித்துக் கொடுத்தவள் மகள்தான். செம்பூரில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் டிராயிங் டீச்சர். தாராவியில் பிறந்து வளர்ந்தவள், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். பேச்சில் தமிழை வெளுத்துக் கட்டுவாள். படிப்பது மட்டும் எழுத்துக் கூட்டித்தான். என் கதையை முழுசாகப் படித்திருப்பாளா என்பதே எனக்கு முதல் சந்தேகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்மியோடு வந்தாள். அச்சுக்குப் போகும் முன் பென்சிலில் வரைந்து, மடித்துத் தைத்துக் கொடுக்கும் மாதிரிப் புத்தகத்துக்கு அதுதான் பெயர். காப்பியைக் கொடுத்துவிட்டுப் புரட்டினேன். கைப்பிடியில் உலர்த்திய துண்டு, கீழே பூக்காரியின் கூடை, எதிர் மாடியில் வடாம் காயப்போடும் மாமி எல்லாம் இருந்தன. நன்றாகவே இருந்தன. ஆனால் அம்மா வருகிற பக்கங்களில் எல்லாம் முதுகுதான் இருந்தது. பின்னலும் தோளில் பையுமாக ஒரு முதுகு. குடைக்குக் கீழே ஒரு முதுகு. தெருமுனையில் இத்தனூண்டு முதுகு.

“அம்மாவோட மூஞ்சி எங்கே?” என்று கேட்டேன்.

“இல்ல மாமி. வேணும்னுதான் போடல.”

“‘தெருமுனையில் அம்மா திரும்பிப் பார்த்து டாட்டா காட்டினாள்’னு எழுதியிருக்கேனே, படிக்கலையா?”

“படிச்சேன். ஆனா திரும்பிட்டாள்னா அந்தப் பிள்ளைக்கு அப்புறம் என்ன இருக்கு? சந்தோசமா உள்ள போயிரும். பொழுதன்னிக்கும் எதுக்கு பால்கனியில நிக்கப் போகுது?”

பதில் நியாயமாக இருந்ததாலேயே எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பால்கனியில் அந்தச் சின்னப் பெண் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நான் அப்படி எழுதவே இல்லை.

“இது என்ன? பயந்துட்டாளா?”

“அரே, இல்ல மாமி. வெளிய கிளம்புத ஆளைப் பின்னால இருந்து கூப்பிடக் கூடாதுல்லா? எங்கம்ம ஏசுவா. சின்னப் பிள்ளை பாருங்க, வாயைப் பொத்தலைன்னா அம்மான்னு தானா வந்துரும்.”

எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. கிளம்பும்போது பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும் என்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் என் புத்தி வேறு கணக்குப் போட்டது. இரண்டு பேரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் டப்பா திறந்து சாப்பிடுகிறவர்கள். என் மகள் ஏதோ சொல்லியிருக்கிறாள். எங்கம்மா போவாள், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். அதைத்தான் இவள் பக்கம் பக்கமாக வரைந்து, என் கையிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

“யார் சொல்லி இப்படிப் போட்டே?” என்றேன்.

“யாரு சொல்லணும்? டென்ஷன் எடுக்காதீங்க மாமி, வேண்டாம்னா மாத்திருதேன்” என்றாள். அவள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பியதையும் நான் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு மகள் பேசிய பழைய பேச்செல்லாம் பேயாக வந்தது. பாங்க் பரீட்சையில் தேறியும் அவள் பள்ளிக்கூட வேலையைத்தான் எடுத்துக்கொண்டாள். “குழந்தை வீட்டுக்கு வர நேரத்துக்கு நானும் வந்துடலாம் இல்லையா” என்றாள். அப்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். இப்போது அது எனக்கு விழுந்த குத்தாகத் தெரிந்தது. அவள் மனசில் நான் எப்படிப்பட்ட அம்மா என்று தெரிந்துகொள்ளாமல் புத்தகத்தைச் சென்னையில் இருக்கும் பதிப்பாளருக்கு அனுப்ப முடியாது என்று தோன்றிவிட்டது. டம்மியைப் பையில் போட்டுக்கொண்டு, குர்லாவில் ஹார்பர் லைன் மாறி, செம்பூருக்குப் போனேன்.

கதவைத் திறந்தவள் பையைப் பார்த்ததுமே, “நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லலைம்மா” என்றாள். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, மாமி கோபமாக இருக்கிறார் என்று டீச்சர் முன்னமே போன் செய்திருக்கிறாள்.

சோபாவில் உட்கார்ந்து மகள் பக்கங்களைப் புரட்டினாள். வாயைப் பொத்திய படம் வந்ததும் நிறுத்தினாள்.

“இது நான்தான்” என்றாள்.

“பார்த்தியா, அப்போ சொல்லியிருக்கே!”

“நான் இப்படி நின்னது உனக்கே தெரியாதேம்மா. அவகிட்ட எதுக்குச் சொல்லப்போறேன்?”

தெரியாதுதான். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் தெருமுனைப் பக்கத்துக்கு வந்து, விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். அம்மா திரும்பிப் பார்த்து டாட்டா காட்டினாள்.

“இது யாரு?”

“அம்மா.”

“எந்த அம்மா?”

சுருக்கென்றது. கோபமும் வந்தது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைக் கத்திச் சொன்னேன். “திரும்பினா என்னால போயிருக்க முடியாதுடி! முனை திரும்பற வரைக்கும் காதைத் தீட்டிண்டுதான் நடப்பேன். ஒரு தடவை அம்மான்னு கூப்பிட்டிருந்தா, ஆபீஸாவது ஒண்ணாவதுன்னு ஓடி வந்திருப்பேன். நீ கூப்பிடவே இல்லை. நான் போறது உனக்குப் பெரிசாவே இல்லைன்னு நினைச்சேன்.”

மகள் டம்மியை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பின்னாலேர்ந்து கூப்பிடக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?”

சொன்னது நான்தான். நல்ல பழக்கம் என்றுதான் சொல்லிக் கொடுத்தேன். அவள் அதை அத்தனை சமத்தாகக் கேட்டிருக்கிறாள். இரண்டு பேரும் ஒரே தெருவின் இரண்டு முனையில், அடுத்தவள் முதலில் செய்யட்டும் என்று காத்திருந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மகள் அழவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“நெஜமாத்தான் சொல்றியா, இல்லே கதைக்குச் சொல்றியா?”

“நெஜம்” என்றேன். பென்சில் கேட்டேன், கொண்டுவந்து கொடுத்தாள். டாட்டா காட்டிய வரியை அடித்தேன். முழுசாக அடிக்கிறேனா என்று கடைசி எழுத்துவரை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.