ரோண்டாவின் மூக்கு

கழற்றிய குழாயை உள்ளங்கையில் வைத்து ரோண்டா முகர்ந்து பார்க்கிறார். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. ஜூன் பாதி தாண்டியும் ஏரிக்காற்று பல்லைக் கிட்டவைக்கிறது.

"மூணாம் நம்பர்ல லேசா வினிகர் அடிக்குது கண்ணு. வெள்ளிக்கிழம கூட்டமோ?"

கூட்டம்தான். கடையைப் பூட்டும் அவசரத்தில் குழாய்களைத் துடைக்காமல் வீட்டுக்கு ஓடியவன் நான்தான். அதுவும் அந்த மூக்குக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை, ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தார். திட்டியிருக்கலாம் என்று தோன்றியது.

ரோண்டா கர்வோனெனுக்கு வயது அறுபத்தொன்று. சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பீர்க்கடைகளின் லைன் கழுவுவது தொழில். குளிரறையில் இருக்கும் பீப்பாயிலிருந்து கோப்பைக்கு மேலே இருக்கும் குழாய் வரை பீர் ஓடிவரும் டியூபுக்கு லைன் என்று பெயர். ஒருவன் ஆறு வாரம் கண்விழித்துக் காய்ச்சிய பீர், அந்தக் கடைசி இருபது அடியில் நாறிப்போகும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழைய நீல வேன் வந்து நிற்கும். பம்ப், வாளி, அழுக்கை அரித்தெடுக்கும் காரக் கரைசல், பிரஷ்கள், முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை எல்லாம் இறங்கும். எல்லாவற்றுக்கும் கடைசியாக, துண்டில் சுற்றிய ஒரு கண்ணாடி டம்ளர் இறங்கும்.

டம்ளர் எதற்கென்றால், காரம் ஓடி முடிந்ததும் லைனில் பச்சைத்தண்ணீர் விடுவார். காரம் மிச்சமிருக்கிறதா என்று காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்ப்பார். எல்லாம் சரியானால் கடைசிக் குழாயின் கீழே தன் டம்ளரைப் பிடித்து நிரப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். முகர்வார். பிறகு நின்றபடியே ஒரே மூச்சில் குடித்துவிடுவார். பீப்பாயை மறுபடி மாட்டி, தண்ணீர் போய் பீர் வரும்வரை ஓடவிடுவது எங்கள் வேலை. "பச்சத்தண்ணி வரைக்கும்தான் நான். அதுக்கு மேல நீங்களாச்சு" என்பார். முதல் நுரை வரும்போது அவர் வேனில் உட்கார்ந்திருப்பார்.

குடியை விட்டுப் பன்னிரண்டு வருடமாகிறது. விட்டவர் பீர்க்கடையில் என்ன செய்கிறார் என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. "மீன் திங்காதவன் படகு ரிப்பேர் பண்ணக் கூடாதாடா?" என்பதுதான் எல்லோருக்கும் பதில். என்னிடம் ஒருமுறை மட்டும் விளக்கமாகச் சொன்னார். பதினெட்டு வருடம் பாரில் ஊற்றிக் கொடுத்தவர். வேறு எந்த வேலையும் தெரியாது. குடியை விட்ட வருடம் எங்கும் வேலை கிடைக்கவில்லை. எங்கள் முதலாளி ஆர்வோ அப்போதுதான் பழைய தீயணைப்பு நிலையத்தை வாங்கி இந்தக் கரையிலேயே முதல் பீர் ஆலையைத் தொடங்கியிருந்தார். "குடிக்க வேணாம், ஊத்தவும் வேணாம், கழுவித் தா. லைனப் பத்தி உன்னவிட யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாராம். பைத்தியக்காரன் என்று ஊர் சிரித்தது. இன்றைக்கும் முதல் பனி விழும் நாளில் ஆர்வோ வீட்டு வாசலில் ஓர் ஏலக்காய் ரொட்டி இருக்கும். யார் வைத்தது என்று அவரும் கேட்பதில்லை.

எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்க்கும் பழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. என் பிறந்தநாள் கேக்கை அவர் முகர்ந்தபோது எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம்தான் ஆர்வோ சொன்னார். குடியை விட்ட பதினோராம் மாதம், ஒரு கல்யாணத்தில், சித்தி மகன் விளையாட்டாக ஆரஞ்சு ஜூஸில் வோட்காவைக் கலந்து கையில் கொடுத்திருக்கிறான். நம்பிக் குடித்தார். திரும்பக் கரையேற நான்கு மாதம் ஆனது. அன்றிலிருந்து காப்பியை வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவருகிறார். மதுக்கடைக்குள் யார் கையிலிருந்தும் ஒரு கோப்பை வாங்குவதில்லை, தண்ணீர்கூட. இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டிக்குக் கெட்சப்பா குழம்பா என்று ஊரே அடித்துக்கொள்ளும்; ரோண்டா முதலில் பாஸ்டியை முகர்வார், சண்டைக்கு அப்புறம்தான் வருவார்.

ஆர்வோவுக்குப் பின் இந்தக் கரையில் எட்டு ஆலைகள் திறந்துவிட்டன. ஒன்று பந்துருட்டும் கூடமாகிவிட்டது. ஒன்றைப் பெருநகரத்துக்காரர்கள் வாங்கிச் சுவரெல்லாம் கறுப்படித்து வைத்திருக்கிறார்கள். பழைய வங்கிக் கட்டடத்தில் இருப்பவன் பீரைக் குறைத்துவிட்டுப் பழச்சாராய சோடாவுக்குப் போய்விட்டான். இதையெல்லாம் நாங்கள் பத்திரிகையில் படிப்பதற்கு முன்பே ரோண்டா குழாயில் படித்துவிடுவார். "பேங்க் கடைல லைனெல்லாம் இப்ப மிட்டாய் வாசன. அழுக்கு கம்மி. ஆனா சத்தியமா போரடிக்குது கண்ணு."

கடைசியாக வந்தது டயர் கடை. பலகையில் வேறு பெயர் இருக்கிறது, யாரும் அதைச் சொல்வதில்லை. கோல்பியும் அவன் மனைவி டெஸ்ஸாவும் கார் தூக்கும் இரும்பு மேடையை அப்படியே விட்டு, சுற்றிலும் பெஞ்சு போட்டுப் போன இலையுதிர்காலத்தில் திறந்தார்கள். இருவருக்கும் முப்பதைச் சுற்றி வயது. டெஸ்ஸாவுக்கு இப்போது ஏழு மாதம். ஏப்ரலில் கோல்பி தயங்கித் தயங்கி, இனி லைனை நானே கழுவிக்கொள்கிறேன் என்றான். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டானாம். ரோண்டா "சரி கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தார். வந்தாரே தவிர, அதன்பின் இரண்டு மாதம் டயர் கடை வாசலைத் தாண்டும்போதெல்லாம் முகத்தை ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டு வேனை ஓட்டினார். நானே பார்த்தேன்.

அந்தக் கோல்பிதான் நான் முதலில் சொன்ன செவ்வாய்க்கிழமை எங்கள் கடைக்குள் வந்து நின்றான். ஷேவ் செய்து நான்கு நாள் ஆன முகம். ஆர்வோவிடம் பெரிய பம்ப்பை இரவல் கேட்டான்.

"எதுக்குடா?" என்றார் ஆர்வோ.

"நாளைக்குத் தொட்டியக் காலி பண்றேன். லாகர். நானூறு கேலன்."

ஆர்வோ கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். சனிக்கிழமை நடுக்கோடை விழா. ஏரிக்கரையில் நெருப்பு மூட்டி ஊரே கூடும். அன்றைக்கு ஊற்றத்தான் கோல்பி அந்த லாகர் பீரை ஆறு வாரம் வளர்த்திருந்தான். அதைக் கொட்டினால் விழாவுக்கு அவனிடம் ஒன்றும் இல்லை. கோடை போனால் கடையும் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"வெண்ணெ நாத்தம்னு ஜனங்க சொல்றாங்க. மூணு பேரு பாதிக் கோப்பைய வச்சுட்டுப் போயிட்டாங்க. சரியாப் புளிக்கலன்னா அப்படி வரும். தொட்டியே கெட்டுப் போச்சு."

வாளிக்குப் பின்னாலிருந்து ரோண்டா கேட்டார். "ஜனங்க சொல்றது இருக்கட்டும். உனக்கு அடிச்சுதா?"

கோல்பி தரையைப் பார்த்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"எனக்கு அந்த ஒரு வாசன மட்டும் மூக்குல ஏறாது. பொறந்ததுலேருந்தே. பாப்கார்ன் மெஷின் பக்கத்துல நின்னாக்கூட ஒண்ணும் தெரியாது. டெஸ்ஸாதான் எனக்கு மூக்கு. இப்ப அவளுக்கு டூத்பேஸ்ட்டே நாறுது."

"பீர் காய்ச்சுறவனுக்கு வெண்ணெ தெரியாதா! நல்லாருக்குடா!" என்று ஆர்வோ சிரிக்கத் தொடங்கினார்.

"நீ வாய மூடு ஆர்வோ. நாப்பது வருஷம் சிகரெட் ஊதி, உனக்கு ரோட்டுல தாரு போட்டாலே தெரியாது" என்றார் ரோண்டா. எனக்கோ மகரந்த ஒவ்வாமையால் மூன்று வாரமாக மூக்கு அடைப்பு. ஆக அந்த அறையில் இருந்த ஒரே மூக்கு ரோண்டாவுடையதுதான். அவர் கையுறையை உருவிக்கொண்டே என்னைப் பார்த்தார். "நீயும் வா. எனக்கு ஒரு கை வேணும்."

டயர் கடையில் கோல்பி இரண்டு கோப்பை பிடித்தான். ஒன்று நேராகத் தொட்டியிலிருந்து, இன்னொன்று கடையின் நான்காம் குழாயிலிருந்து. ரோண்டா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீ பிடி. என் கைல குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத."

குழாய்ப் பீரை முதலில் நீட்டினேன். குனிந்தார், உடனே தலையை இழுத்துக்கொண்டார். "தியேட்டர் பாப்கார்ன். ஜனங்க சொன்னது சரிதான்." டெஸ்ஸா வயிற்றில் கையை வைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவதை நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று. முதுகுக்குப் பின்னால் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து வெளுத்துப்போயிருந்தன. இந்த நானூறு கேலனுக்காக இந்த மனுஷியை இங்கே நிறுத்தியிருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

"எடுத்துட்டுப் போ," என்றார் கறாராக. "கீழ கொட்டு. இப்பவே."

கொட்டிவிட்டு வந்தேன். அவர் கண்ணைத் திறந்து கோல்பியைப் பார்த்தார். "தொட்டில இருக்கறது சுத்தம். இப்பச் சுட்ட ரொட்டி மாதிரி இருக்கு. கெட்டுப்போனதா இருந்தா எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு. நீ நல்லாக் காய்ச்சிட்ட. அதான் கஷ்டமாப் போச்சு."

பிறகு ஸ்பேனரை எடுத்து நான்காம் குழாயைக் கழற்றி, உள்ளே விரலை விட்டு வெளியே எடுத்தார். விரலில் சளிபோல் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கோல்பி லைனைக் கழுவியிருக்கிறான், ஒழுங்காகத்தான் கழுவியிருக்கிறான். குழாயைக் கழற்ற வேண்டும் என்பது அந்த வீடியோவில் இல்லை. ஆறு குழாயிலும் அதே பழுப்பு, பீப்பாய் மூடியிலும் அதே.

"திட்டுங்க ரோண்டா," என்றான் கோல்பி.

"திட்டறதுக்கு எனக்கு எங்க நேரம்? வாளிய நகத்து."

பிற்பகல் மூன்று வரை வேலை நடந்தது. கடைசிக் குழாயில் தண்ணீர் தெளிந்து வந்தது, காகிதம் சரியான நிறம் காட்டியது. வழக்கமாக டம்ளரை எடுக்கும் நேரம். அவர் எடுக்கவில்லை. பம்ப்பின் ஹோஸைப் பாதி சுருட்டியபடியே வேனில் போட்டார். "வீட்டுக்குப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துண்டில் சுற்றிய டம்ளர் கவுண்டரிலேயே இருந்தது. கோல்பி அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான், அதற்குள் வேன் தெருமுனையைத் தாண்டிவிட்டது. அது எதற்கு என்று கேட்டான். தண்ணீர், வெளிச்சம், அந்தக் கல்யாணத்து ஜூஸ் எல்லாவற்றையும் நான் சொன்னேன். டெஸ்ஸா கொஞ்சம் அழுதாள்.

சனிக்கிழமை இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருந்த ஏரிக்கரையில் நெருப்பு எரிந்தது. கோல்பியின் லாகர் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. அந்த மஞ்சள் கோப்பைகளைக் கையில் வைத்திருந்த ஒருவருக்கும் அதைக் காப்பாற்றியது ரோண்டா என்று தெரியாது. அவர் நெருப்புக்கு அந்தப்பக்கம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பிளாஸ்க் மூடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் போனேன், வாய் வரவில்லை. "கொசு ஜாஸ்தி இல்ல?" என்றேன். "ரொம்ப ஜாஸ்தி" என்றார். இன்றுவரை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் முறையை முடித்துக்கொண்டு ரோண்டா, மறுபடி அவரையே கழுவக் கூப்பிட்டிருந்த டயர் கடைக்குக் கிளம்பினார். விழாவுக்குப் பீப்பாய் நிரப்ப இரவல் போன பம்ப்பை வாங்கிவர ஆர்வோ என்னையும் அனுப்பினார். கோல்பி எங்களுக்கு முன்பே கதவைத் திறந்து, ஆறு பீப்பாய்களையும் கழற்றி வைத்திருந்தான். ஜன்னல் விளிம்பில் அந்த டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ரோண்டா அதைப் பார்த்துவிட்டு வாளியை இறக்கினார். காரம் ஓடியது, தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு குழாயையும் முகர்ந்து முகர்ந்து மாட்டினார்.

ஆறாம் குழாயில் தண்ணீர் தெளிந்ததும் அவர் கையுறையைக் கழற்றத் தொடங்கினார். அதற்குள் கோல்பி டம்ளரை எடுத்து அலசி, குழாயின் கீழே பிடித்து நிரப்பினான். ஜன்னலுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். பிறகு அவரிடம் நீட்டினான். நீட்டிய பிறகுதான் தான் செய்தது புரிந்ததுபோல, கையை இழுத்துக்கொள்ளவும் தெரியாமல் அப்படியே நின்றான்.

ரோண்டா டம்ளரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஈரக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்க்கவில்லை. ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலி டம்ளரை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.