டெக்லன் துடைத்துவைத்த கார்

நாங்கள் அயர்லாந்துக்கு வந்த முதல் கோடையில், எங்கள் தெருவில் கார் நிறுத்த ஒரே ஓர் இடம் மட்டும் எப்போதும் காலியாக இருந்தது. ஒரு பெரிய மரத்தின் நிழல் அது. சங்கரன்கோவிலில் சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்தியவர்களுக்குத்தான் ஒரு வேப்பமர நிழலின் அருமை தெரியும். இங்கேயோ அத்தனை பேரும் காரை வெட்டவெளியில் விட்டுவிட்டு நிழலைச் சும்மா போட்டுவைத்திருந்தார்கள். நமக்கு வாய்த்தது என்று அங்கே நிறுத்தினோம். எதிர்வீட்டு முதியவர் டெக்லன் வெளியே வந்து, மரத்தையும் காரையும் மாற்றி மாற்றிக் காட்டி ஏதோ சொன்னார். அவர் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நாங்கள் வந்தது பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து, “இது பொது இடம்தானே” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இரண்டே நாளில் கார் முழுக்கப் பிசின் சொட்டிக் காய்ந்திருந்தது. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரோடு நான் கிளம்பியதைப் பார்த்து டெக்லன் ஓடிவந்தார். வெந்நீரில் நனைத்த துணியைப் பிசின் மேல் போட்டார். இளகும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுத்தார். ஓர் இடத்தில்கூடத் தேய்க்கவில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவராம்.

அந்தப் பொறுமையை நான் முன்பே ஓரிடத்தில் பார்த்திருக்கிறேன். என் அண்ணனுக்கு எங்கள் ஊரில் ராஜபாளையம் சாலையில் ஸ்டிக்கர் கடை; பழைய ஸ்டிக்கரைக் கீறலில்லாமல் உரிப்பதில் அவனும் அப்படித்தான். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் கடையநல்லூர்க்காரர்கள் பிள்ளைகளின் பெயரைக் கார்க் கண்ணாடியில் ஒட்ட அவனிடம்தான் வருவார்கள். கல்லூரி விட்டதும் கடையில் போய் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் வாசுதேவநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். பின்கண்ணாடியில் அவருடைய இரண்டு மகள்களின் பெயர்கள். மூத்தவள் தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டுவிட்டாள். அவள் பெயரை மட்டும் உரித்துவிட வேண்டும் என்றார். அண்ணன் குனிந்து பார்த்தான், நகத்தால் சுரண்டிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். “இது வெயில்ல வெந்து கண்ணாடியோட ஒட்டிட்டு அண்ணாச்சி. உரிச்சா கண்ணாடி கீறல் விட்டுரும்” என்றான். அவர் இரண்டு பெயர்களோடும் திரும்பிப் போனார். அந்த ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தொட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்பது எனக்கே தெரியும்.

இந்த வருடம் என் மகள் கோமதிக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி. ஒரு பழைய கார் வாங்கினோம். முதல் நாள் அவள் தனியாகத்தான் ஓட்டிப் போக வேண்டும். அவள் அப்பாவும் நானும் வேலைக்குப் போயாக வேண்டும். நான் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள், வேதியியல் படித்தவள். ஆனாலும் ஞாயிறு மாலை பானெட்டில் சந்தனம் பூசி, குங்குமம் அப்பி, நான்கு சக்கரத்துக்கும் குங்குமம் தடவிய எலுமிச்சை வைத்து நசுக்கவைத்தேன். புது ஓட்டுநர் என்று காட்டும் சிவப்பு எழுத்து அட்டையைப் பின்னால் ஒட்டினேன். எனக்கு அப்படியாவது தூக்கம் வர வேண்டுமே.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெளியே வந்தால் கார் பளபளவென்று நிற்கிறது. சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, எலுமிச்சையின் தோல்கூட இல்லை. பக்கத்தில் டெக்லன், கையில் வாளி.

“எல்லாம் போய்விட்டது. எங்கள் தெருவில் இப்படி நடந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார்.

“எங்கள் காரை நீங்கள் ஏன் தொட்டீர்கள்?” என்று கத்திவிட்டேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கினார். கோமதி ஏற்கெனவே உள்ளே ஏறிவிட்டாள்.

“ஏட்டி, நில்லு. குங்குமம் எடுத்துட்டு வாரேன்.”

“ஏம்மா, குங்குமமா பிரேக் பிடிக்கப் போகுது? லேட்டாகுது. போய்ட்டு வாரேன்.”

போய்விட்டாள். டெக்லன் வாளியைத் தூக்கினார். அதன் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஸ்டிக்கர் சுருண்டு ஒட்டியிருந்தது. அவர் கையால் மறைப்பதற்குள் படித்துவிட்டேன். உங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கேட்டதற்குத் தயங்கிச் சொன்னார்: அது எங்கள் காரின் பின்னால், நான் ஒட்டிய சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் இருந்ததாம். பானெட்டில் ரத்தம்போல் சிவப்பு, சக்கரத்தடியில் நசுங்கிய பழங்கள். எல்லாமே அதே ஆட்களின் வேலை என்று நினைத்திருக்கிறார். ஐந்து மணிக்கு ஜன்னலில் பார்த்தவர், நாங்கள் கண் விழிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உடனே வந்திருக்கிறார்.

“உங்கள் பெண்ணுக்குத் தெரிய வேண்டாம்” என்றார். நான் ஸ்டிக்கரைப் படமெடுக்கும்வரை நின்றுவிட்டுப் போனார்.

ஒட்டியவன் கோமதி ஓட்டுவதைப் பார்த்திருப்பானோ? வழியில் எங்காவது நிற்பானோ? ஓட்டிக்கொண்டிருப்பவளுக்குப் போன் செய்யவும் முடியாது. வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, அண்ணனுக்கு நடந்ததைச் சொல்லி, முன்பொரு நாள் எடுத்த காரின் படத்தையும் வாளியிலிருந்த ஸ்டிக்கரின் படத்தையும் அனுப்பினேன். அவன் உடனே கூப்பிட்டான்.

“ஏட்டி, ஸ்டிக்கர் முழுசா வந்திருக்கு பாத்தியா? ஒரு மூலைகூடக் கிழியல. சூடு காட்டி, படுக்கவாக்குல மெதுவா இழுத்திருக்காரு. எவம் ஒட்டுனான்னு விடு. உரிச்ச அண்ணாச்சி யாரு?”

“எதிர்வீட்டுக்காரரு. அவரப் போய் ஏசிட்டேன்ணே.”

“நல்லா ஏசுன போ. நம்ம கடைக்கு அனுப்பு, சம்பளத்துக்கு வச்சுக்கிடுதேன்.” சிரித்தான். பிறகு குரல் மாறியது. “கோமதிட்ட சொல்லிரு மக்கா. தெரியாமப் போறவளுக்குத்தான் நீ பயப்படணும்.”

கோமதி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்ப ஐம்பத்திரண்டு நிமிடம் ஆனது. அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் காரின் பின்பக்கம் போய் விரலால் தடவிப் பார்த்தாள். பிசுக்கு இல்லை. “எடுத்தாச்சுல்லா? பின்ன என்ன?” என்றாள். ஆனால் விரலை உடனே எடுக்கவில்லை. “நாளைக்கும் நாந்தான் ஓட்டிட்டுப் போவேன். நீ எங்கூட வரணும்னு நிக்காத.”

வாரக் கடைசியில் மன்னிப்புக் கேட்க டெக்லன் வீட்டுக்குப் போனேன். அந்தச் சிவப்பு எங்கள் சங்கரன்கோவில் கோமதி அம்மனுக்கு உரியது, நானே வைத்தது என்று சொன்னதும் அந்த மனிதரின் முகம் வெளுத்துப்போனது. “நான் உங்கள் அம்மனைக் கழுவிவிட்டேனா?” என்று இரண்டு முறை கேட்டார். உடனே வைக்க வேண்டும் என்று என்னை அழைத்துக்கொண்டு காருக்கு வந்தார். பெயிண்டில் கறை பிடிக்காமலிருக்க முதலில் மெழுகு பூசினார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, தேவாலயத்தில் நிற்பவர்போல நின்றார். நான் குங்குமம் வைத்து முடிக்கும்வரை இருமக்கூட இல்லை.

திங்கட்கிழமை காலை கோமதி காரை எடுத்தாள். டெக்லனும் நானும் அவரவர் வாசலில் நின்றோம். நான் வைத்த பொட்டு முன்னால் சாலையைப் பார்த்துப் போனது. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பின்பக்கம், அவர் அந்த ஸ்டிக்கரை எடுத்துச் சுத்தமாக்கிய அந்த உள்ளங்கை அகலம் மட்டுமே. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, என் மகள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனாள்.