எங்கள் யூனிட்டுக்குச் சீல் வைக்க வைத்தவர்

கொரோனா இரண்டாம் அலை நேரம். திருச்செங்கோடு பக்கம் நான் நைட்டி தைக்கும் சிறிய யூனிட் ஒன்று நடத்திவந்தேன். பாதி ஆட்களை வைத்து, காய்ச்சல் பார்த்து உள்ளே விட்டு வேலை செய்ய அனுமதி இருந்தது. என் அண்ணன்தான் சூப்பர்வைசர். தினமும் காலையில் வாசலில் நின்று, வருபவர்களின் நெற்றியில் அந்தத் துப்பாக்கி மாதிரி கருவியை நீட்டுவார்.

ஒருநாள் திடீரென்று தாலுகா ஆபீஸிலிருந்தும் சுகாதாரத்துறையிலிருந்தும் வந்துவிட்டார்கள். காய்ச்சல்காரர் ஒருவரை வைத்து வேலை வாங்குவதாகப் புகாராம். தைக்கிறவர்கள் எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. "உண்மைன்னு தெரிஞ்சா யூனிட்டை மூடி, ஓனர் உங்க மேலதான் கேஸ் போடுவோம்" என்று எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

எனக்குத் தூக்கம் போனது. புகார் சொன்னது யார்? ஆளைக் குறைத்தபோது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வரச் சொன்னதற்கு முகம் சுளித்த ஒரு டெய்லரம்மா மேல் சந்தேகம் விழுந்தது. அவர் மெஷினை என் மேஜைக்கு எதிரே மாற்றிப் போட்டேன். போன் எடுத்தால் காது கொடுத்தேன். இரண்டு நாள் பொறுத்தவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏனுங்கக்கா, எம்மேல சந்தேகமுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க" என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த வாரமே மறுபடியும் வந்தார்கள். இந்த முறை மூக்கில் குச்சி விட்டு எல்லோருக்கும் பரிசோதனை. ஒரே ஒருவருக்குத்தான் கொரோனா என்று வந்தது. என் அண்ணனுக்கு! காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். மற்றவர்களுக்குக் காய்ச்சல் பார்த்தவருக்குப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

யூனிட்டுக்குச் சீல் வைத்தார்கள். எனக்கு நோட்டீஸ் வந்தது. அண்ணனுக்கு ஆக்சிஜன் குறைந்துகொண்டிருந்தது. நாமக்கல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்றார் டாக்டர். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். தெரியாமல் நடந்தது என்று விளக்கம் எழுதிக் கொடுத்த பிறகு என்னையும் எச்சரிக்கையோடு விட்டார்கள்.

அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வீட்டில் தனிமையில் இருந்த அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். பாத்திரத்தைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பும்போது ஜன்னலிலிருந்து கூப்பிட்டார்.

"அம்மணி, ரெண்டு தடவையும் போன் பண்ணுனது நாந்தான்."

நான் மறுபடியும் கேட் பக்கம் வந்தேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணி?"

"உங்கொண்ணன்கிட்டச் சொல்லிப் பாத்தேன், கேக்கல. உங்கிட்டச் சொல்லலாம்னு உங்க ஊட்டு வாசல் வரைக்கும் வந்தேன். இந்த ஆர்டர் முடியட்டும் அண்ணின்னு சொல்லிருவயோன்னு பயமா இருந்துச்சு. திரும்பிப் போய்ட்டேன்."

உண்மையில் அந்த வாரம் லாரியில் ஏற்ற வேண்டிய ஆர்டர் ஒன்று இருந்தது.

யூனிட் திறந்த அன்று டெய்லரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு, மெஷினைப் பழைய இடத்திலேயே போட்டுக் கொடுத்தேன். நான் அவரைச் சந்தேகப்பட்டது தவறு. ஆனால் அண்ணி என்னைச் சந்தேகப்பட்டது தவறு என்று அடித்துச் சொல்ல எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.