பட்டியலில் ஏறாத செடி

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்குப் பட்டப்பெயர் 'சில்லறை தொலைத்தவர்'. எப்போது பார்த்தாலும் தரையைத் துழாவியபடியே நடப்பார். உத்தியோகம் அப்படி. எந்த நிலத்தில் என்னென்ன செடி, பூச்சி, பறவை இருக்கிறது என்று கணக்கெடுத்துப் பட்டியல் போடும் அலுவலகத்தில் முப்பது வருடம் செடிப் பிரிவில் இருந்தார். யார் வீட்டுக்குப் போனாலும் வாசல் புல்லைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்கு மானம் போகும்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம். பூவைப் பார்க்காமல் செடியின் பெயரை எழுத மாட்டார். இளவயதில் ஒருமுறை இலையை மட்டும் வைத்து ஒரு பெயரை எழுதி, அது தப்பாகி, மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்களாம். அன்றிலிருந்து 'சந்தேகம்' என்ற சொல்லே அவர் பட்டியலில் கிடையாது.

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் நாலு மணி நேரத் தூரத்தில் ஒரு சதுப்பு நிலம். அதைத் தூர்த்துக் கிடங்கு கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அபூர்வமான செடி ஒன்றாவது இவர் கொடுக்கும் பட்டியலில் இருந்தால் அனுமதி கிடைக்காது. நாற்பது வருடமாக யார் கண்ணிலும் படாத, இவர் பதினோரு வருடமாகத் தேடிய ஒரு விரல் உயரச் செடி அங்கே சேற்றில் நின்றிருக்கிறது. ஒன்றே ஒன்று. அதுவும் மொட்டாக. பட்டியல் கொடுக்க மூன்று நாள் பாக்கி.

"ரெண்டு நாள்ல விரிஞ்சிடும்மா! பக்கத்துலயே ரூம் போட்டுட்டேன்" என்று போனில் குதித்தார்.

நாங்கள் வீடு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே ஒண்டியாக நின்றிருந்தேன். பிள்ளை பிறந்தபோது இவர் காட்டில். என் அப்பா போனபோது ஏதோ குளக்கரையில். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"ஹவுஸ் ஓனர் நாளைக்கே காலி பண்ணச் சொல்லிட்டார். நான் வேணுமா, அந்த மொட்டு வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

பச்சைப் பொய். மாதக் கடைசி வரை அவகாசம் இருந்தது.

மறுநாள் காலையில் வந்து நின்றார், முழங்கால் வரை சேற்றோடு. பரணை ஒழித்தார், பீரோவைத் தூக்கினார். புது வீட்டில் சாமான்களை அடுக்கி முடிக்க இரண்டு நாள் ஆனது. அதற்கடுத்த நாள் பட்டியலைக் கொடுத்தார். அதில் அந்தச் செடி இல்லை.

"சந்தேகம்னு ஒரு வரி எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எழுதினா அது என் பட்டியல் இல்ல" என்றார்.

கொடுத்த கையோடு சதுப்புக்கு ஓடினார். செடி நின்ற இடத்தில் மாட்டின் குளம்படிதான் இருந்தது. ஆறே மாதத்தில் மண் லாரிகள் வந்துவிட்டன.

அதற்கப்புறம் ஏழு வருடம். நான் கூப்பிட்டதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். போன மாதம் ரிட்டயர் ஆனார். ஒரு காலையில், பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தவரிடம் போட்டு உடைத்தேன்.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க. மாசக் கடைசி வரைக்கும் டைம் இருந்துச்சு."

பேப்பரை மடித்தார். "தெரியும். பீரோவை இறக்கறப்பவே ஹவுஸ் ஓனர் சொல்லிட்டார்."

"ஐயோ! அப்பவே திரும்பிப் போயிருக்கலாமே! பஸ் இருந்துச்சே!"

"இருந்துச்சு. சொல்லிட்டுக் கிளம்பலாம்னுதான் உள்ள வந்தேன். நீ துணி மூட்டை மேல உக்காந்து அழுதுட்டு இருந்த. நீ அழுது நான் பார்த்ததே இல்லயே. இருந்துட்டேன்."

எப்படிப் பார்த்திருப்பார்? நான் அழுதபோதெல்லாம் அவர் ஊரிலேயே இல்லை.

"அது நானா எடுத்த முடிவு. உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு காபி குடித்த டம்ளரைக் கழுவப் போனார்.

ஏழு வருடம் நெஞ்சில் சுமந்திருக்கிறேன். அந்தத் தப்பில்கூட எனக்கு ஒரு பங்கு தர மாட்டேன் என்கிறார், இந்த மனுஷன்.