அவசரக் கொள்முதல்

அவசரம் என்று அலுவலர் கருதினால், அதற்கான காரணத்தைக் கோப்பில் பதிவு செய்துவிட்டு, மூன்று விலைப்புள்ளிகள் கேட்காமலேயே வேண்டிய பொருளை வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமாக அரசு அலுவலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாற்காலி தேய்த்தவன் நான். அந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனாலும் என் மேசை மேல் ஒரு கோப்பு இருக்கிறது. பழுப்பு அட்டை, சிவப்பு நாடா. அட்டையில் என் கையெழுத்திலேயே "பொருள்: மாமாவுக்குப் பயணக் கேமரா வாங்குதல் தொடர்பாக" என்று எழுதியிருக்கிறது. அதன் கீழே இரண்டு கட்டங்கள். "தொடங்கிய நாள்" என்ற கட்டத்தில் 4.5.2014. "முடித்த நாள்" என்ற கட்டம் நெடுங்காலம் காலியாகவே கிடந்தது.

அந்த விதியை என் பணிக்காலத்தில் ஒரே ஒரு முறை பயன்படுத்தியிருக்கிறேன். 1993 மழைக்காலம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை இளகிக்கொண்டிருந்தது. மணல் மூட்டை அடுக்கச் சாக்கு வேண்டும். விலைப்புள்ளி கேட்காமல் எப்படி என்று அலுவலர் தயங்கினார். நான் கோப்பில் இரண்டு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நிலக்கடலை விற்கும் மல்லாட்டை மண்டிக்குப் போய் இருந்த சாக்குகளையெல்லாம் வண்டியில் ஏற்றிவந்தேன். கரை நின்றது. அதைப் பற்றி எனக்கு இன்றும் கொஞ்சம் பெருமை உண்டு. அதே மழையில் விழுப்புரத்தில் வேறொன்று நடந்தது. என் அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், அங்கே ரயில்வேயில் கார்டு, வண்டிக்குப் பச்சைக் கொடி காட்டுபவர். அக்காவை இமயமலை அடிவாரம் வரை கூட்டிப்போக அந்த வருடம் இலவசப் பயண பாஸ் எழுதி வாங்கி வைத்திருந்தார். தண்டவாளத்தின் மேல் தண்ணீர் ஏறியதும் லீவெல்லாம் ரத்தானது. பாஸ் காலாவதியாகிவிட்டது. அந்தக் காகிதத்தை அக்கா தூக்கிப் போடவில்லை. புடவைப் பெட்டியில் அடியில் போட்டுவைத்தாள். சண்டை வரும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டுவாள். "ஊரையெல்லாம் கொடி ஆட்டி அனுப்பி வெச்சீங்க. கட்டினவள மட்டும் பிளாட்பாரத்துலயே நிறுத்திட்டீங்க."

மாமா ஒல்லியான, விறைப்பான மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் வாசலைத் தாண்டும்போது இரு பக்கமும் பார்ப்பார், வண்டி கிளம்பலாமா என்று சோதிப்பதுபோல. காபி குடித்தால் எத்தனை மணி எத்தனை நிமிடம் என்று சொல்வார். எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். அவர் ஓய்வு பெற்று, இனி அக்காவை எங்கும் கூட்டிப்போகலாம் என்று ஆனபோது அக்காவால் போக முடியவில்லை. சர்க்கரை நோய் முதலில் காலுக்கு வந்தது, பிறகு கண்ணுக்கு. புதுச்சேரியில் லேசர் வைத்துப் பார்த்தார்கள். வலக்கண் போனது போனதுதான் என்றார் மருத்துவர். இடக்கண்ணில் ஓர் ஓரம் மட்டும் மிச்சம். அது எத்தனை மாதம் நிற்கும் என்று சொல்வதற்கில்லை என்றும் சொன்னார். அவர் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் எனக்காகப் பரிந்து பேசக்கூடாது.

அதன்பிறகு மாமா ஒரு முடிவு எடுத்தார். ஓய்வுபெற்றவர்களுக்குரிய பாஸில் அவர் மட்டும் போவது. பார்த்ததையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்து வந்து அக்காவுக்குக் காட்டுவது. கைப்பேசித் திரை அவளுக்குப் போதாது. ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவில் சிடி போட்டு, வீட்டிலிருந்த பழைய குண்டு டிவியில் ஓட்டுவார். அக்கா டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, கோழி பார்ப்பதுபோலத் தலையை ஒருக்களித்து, மிச்சமிருந்த அந்த ஓரத்தால் பார்ப்பாள். கிட்டத்தில் எடுத்த படங்கள் நன்றாகவே இருந்தன. தூரத்தில் இருப்பதை விரலால் இழுத்துப் பெரிதாக்கி எடுத்தவைதான் தகராறு. ஹரித்துவாரில் அந்திப் பூசை முடிந்து ஆற்றில் விளக்கு மிதந்ததை அக்கரையிலிருந்து எடுத்துவந்திருந்தார். அக்கா நெடுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? மஞ்சாத் தண்ணி கொட்டி வெச்சாப்ல இருக்குது."

"வெளக்குடி. ஆயிரம் வெளக்கு."

"ஒண்ணு கூட வெளக்கா தெரியலியே. யாத்திரை போனீங்களா, குழம்பு வாங்கப் போனீங்களா?"

மாமா சிரித்தார். ஆனால் மறுநாளே, மே மாத வெயிலில், பாசஞ்சரில் ஏறித் திண்டிவனத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "மச்சான், எனக்கு ஒரு கேமரா வேணும். தூரத்துல இருக்கிறது கிட்ட வரணும். சட்டப் பையிலியோ தோள் பையிலியோ போட்டுக்கினு போறாப்ல இருக்கணும். ஐப்பசில பனிமலைக்குப் போறேன். அவ அதைத்தான் கேட்டுக்கினு கீறா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும். ஜல்தியா ஒண்ணு பாத்துக் குடு."

உனக்குத்தான் தெரியும் என்று யாராவது சொன்னால் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு வியாதி கிளம்பும். அன்று சாயங்காலமே கோப்பு தொடங்கினேன். விளையாட்டுக்குச் செய்ததாக எண்ண வேண்டாம். அக்காவிடம் மிச்சமிருப்பது ஒரு கீற்றுப் பார்வை. அதற்குள் தப்பான படம் எதுவும் போய்விடக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தேன். பாசத்தை வேறு எந்த வகையில் செய்வது என்று எனக்குத் தெரியாது.

விழுப்புரத்தில் நான் முதலில் போன கடைக்காரர், நான் உட்காருவதற்குள் ஒரு சின்னக் கேமராவை எடுத்து வைத்தார். சட்டைப் பையில் அடங்கும். சுவிட்சைப் போட்டால் லென்ஸ் மூக்கை நீட்டிக்கொண்டு வெளியே வரும். முப்பது மடங்கு தூரத்தை இழுக்கும். "பெரியவரு கைக்கு இதான் சார் கரெக்டு. எடுத்துக்கினு போங்க," என்றார். எடுத்த எடுப்பில் வந்த யோசனையை ஏற்பது என் பழக்கத்தில் இல்லை. விலைப்புள்ளியை எழுத்தில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஆறு வாரத்தில் கேமராக்களைப் பற்றி நான் படித்ததைப் பணியில் இருந்தபோது படித்திருந்தால் இன்னொரு பதவி உயர்வே கிடைத்திருக்கும். லென்ஸ் மாற்றும் பெரிய கேமராவில் படம் கண்ணாடிபோல வரும். ஆனால் லென்ஸோடு சேர்த்தால் செங்கல் கனம், மாமா தோளில் தாங்காது. சென்சார் பெரிதாக உள்ள சிறு கேமரா இருட்டிலும் நன்றாக எடுக்கும். ஆனால் தூரத்தை இழுக்காது, பனிமலை மலையாகவே தூரத்தில் நிற்கும். தூரத்தை இழுப்பதில் சென்சார் சிறிது, கைப்பேசியினுடையதைவிட அதிகம் பெரிதில்லை. அந்தியில் படம் முழுக்கப் புள்ளி விழும். லென்ஸ் தானே நீண்டு இழுப்பது வேறு, கைப்பேசிபோல எடுத்த படத்தையே ஊதிப் பெருக்குவது வேறு. மாமாவுக்குக் கை லேசாக நடுங்கும், ஆகவே நடுக்கம் தாங்கும் வசதி வேண்டும். வெயிலில் திரை தெரியாது, ஆகவே கண்ணை வைத்துப் பார்க்கும் துளை இருந்தால் நல்லது. இப்படிப் பதினான்கு பத்திகள் கொண்ட ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தேன். இன்று பார்த்தாலும் அதில் ஒரு பிழை கிடையாது. புதுச்சேரியிலிருந்து இரண்டாவது விலைப்புள்ளி வந்தது. திண்டிவனத்துக் கடைக்காரர் கொடுத்த மூன்றாவதில் கடை முத்திரை இல்லை. திருப்பி அனுப்பினேன். அவர் முத்திரை செய்ய ஆள் தேடிப் போனதில் இருபது நாள் கழிந்தது.

இதற்கிடையே ஞாயிறுதோறும் மாமா போன் செய்வார். "இன்னா மச்சான், சிக்னல் விழுந்துச்சா?"

"பரிசீலனைல இருக்குது மாமா."

"சரி சரி. அவுட்டர்லயே நிக்கிறேன்."

எல்லாச் சுற்றும் முடிந்து பட்டியலில் முதலிடம் பெற்றது, விழுப்புரத்துக்காரர் முதல் நாள் மேசை மேல் எடுத்து வைத்த அதே கேமராதான். ஜூன் முடியவில்லை. அன்றே வாங்கியிருக்கலாம். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. மாமா வீட்டு டிவி பழையது. அதன் முதுகில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள் மட்டுமே உண்டு. புதுக் கேமராவில் எடுத்த படத்தை உடனுக்குடன் அந்த மஞ்சள் துளை வழியாக டிவியில் காட்ட முடியுமா? அக்கா கேட்கும் இடத்தை அப்போதே பெரிதாக்கிக் காட்ட வேண்டாமா? கடைக்காரரைக் கேட்டேன். "வரும் சார். வரலன்னா கூட நான் சிடி போட்டுத் தர்றேன். இதுக்குப் போயி ஏன் பேஜாரு பண்ணிக்கினு?" என்றார். வாய்மொழி உறுதி. அதை வைத்துக்கொண்டு எந்தக் கோப்பையாவது முடித்திருக்கிறேனா? நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். பத்தாம் நாள் ஒப்புகை அட்டை வந்துவிட்டது. பதில் வரவில்லை. ஆகஸ்டில் முதல் நினைவூட்டு. செப்டம்பரில் இரண்டாம் நினைவூட்டு.

அந்த மாதங்களில் அக்காவின் கண் என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. பதில் வந்துவிடும், வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று இருந்தேன். நிலுவையில் இருக்கும் ஒன்றுக்காகக் காலமும் நின்று காத்திருக்கும் என்று அலுவலகம் நமக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

ஐப்பசி பிறந்ததும் மாமா பழைய கைப்பேசியோடு கிளம்பினார். விழுப்புரம் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். இன்னும் பதில் வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் என் தோளைத் தட்டினார். "வுடு மச்சான். கண்ணால பாத்துக்கினு வந்து வாயால சொல்றேன்." வண்டி நகர்ந்தபோது பழக்கத்தில் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கார்டு பெட்டியில் வேறு யாரோ கொடியோடு நின்றார்கள்.

அவர் திரும்பிய அன்று நானும் போயிருந்தேன். சிடி போட்டார்கள். மலையடிவார ஊரிலிருந்து சிகரத்தை விரலால் இழுத்து எடுத்திருந்தார். திரை முழுக்க ஒரு வெண்மை, ஓரத்தில் கொஞ்சம் நீலக் கறை. அக்கா வழக்கம்போலத் தலையைச் சாய்த்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். அன்று அவள் கேலி பேசவில்லை.

"எல்லாம் வெள்ளையாத் தெரியுது," என்றாள். பிறகு மெதுவாக, "இது பனியாங்க, என் கண்ணாங்க?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை. "பனிதான். நல்லாப் பாரு, பனிதான்," என்றார். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் பதினான்கு பத்தி இருந்தது. ஒன்றும் உதவவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே விழுப்புரத்துக் கடை வாசலில் நின்றேன். பத்து நிமிடத்தில் வாங்கிவிட்டேன். கடைக்காரர் அட்டைப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பேட்டரி, சார்ஜர், கைக்கயிறு. அடியில், சுருட்டிக் கட்டிய ஒரு மெல்லிய கேபிள். அதன் முனையில் மஞ்சள். நான் நான்கு மாதமாகத் தலைமை அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததற்கான பதில், பெட்டியின் மூடிக்குக் கீழே இருந்தது. கேமராவை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனபோது வாசல் பூட்டியிருந்தது. விடியற்காலையில் அக்காவின் கண்ணுக்குள் ரத்தம் இறங்கி, அவளைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அந்த ஓரமும் போயிற்று.

ஆறு மாதம் முந்தி வாங்கியிருந்தாலும் கண் நின்றிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மலையைப் பார்த்திருப்பாள். குறைந்தபட்சம் ஐப்பசிப் பயணத்தை முன்னுக்குக் கொண்டுவரலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கும். ஏரிக்கரைக்காக ஒரு நிமிடத்தில் எழுதிய அந்த இரண்டு வரி, என் சொந்த அக்காவுக்காக ஏன் என் பேனாவுக்கு வரவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அன்று கேட்டிருந்தால் காரணம் சொல்லியிருப்பேன். நல்ல காரணங்களாகவே சொல்லியிருப்பேன்.

மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தக் கேமராவில் அவர் எடுத்தது ஒரே படம். மொட்டை மாடியில் நின்று, தூரத்து சிக்னல் கம்பத்தை முழு நீளத்துக்கு லென்ஸை இழுத்து எடுத்தார். பச்சை விளக்கு, கம்பத்தின் எண், கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்த மைனா எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. என்னிடம் காட்டி, "நல்ல கேமராதான் மச்சான். கரெக்டாத்தான் செலக்டு பண்ணிக்கீற," என்றார். அதில் கிண்டல் இருக்கிறதா என்று பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. அதுதான் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பாஸ் எழுதி வாங்கவே இல்லை. அடுத்த ஆண்டு மார்கழியில், காபியை வைத்துவிட்டு மணி பார்த்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார்.

அக்கா இப்போது என்னோடு திண்டிவனத்தில் இருக்கிறாள். மாமாவின் பொருள்களில் அவள் கேட்டு எடுத்துவந்தது அந்தக் கேமராவைத்தான். மதியம் சாப்பிட்டபின் அதை மடியில் வைத்துக்கொண்டு, சுவிட்சைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்துவாள். லென்ஸ் நீண்டு வந்து உள்ளங்கையை முட்டும். "வருது பாரு," என்பாள். மறுபடி அழுத்தினால் உள்ளே போகும். வாரம் ஒரு முறை நான் பேட்டரிக்கு சார்ஜ் போட்டுவைப்பேன். அதற்கு விலைப்புள்ளி கேட்பதில்லை.

அப்படி அவள் உட்கார்ந்திருந்த ஒரு பகலில் தபால்காரர் ஓர் உறை கொடுத்துவிட்டுப் போனார். உறை மேல் மூன்று ஊர்களின் முத்திரை. உள்ளே கேமரா நிறுவனத்தின் நான்கு வரிப் பதில். படித்துக் காட்டச் சொன்னாள். "தங்கள் கடிதத்துக்கு நன்றி. தாங்கள் குறிப்பிட்ட கேமராவைப் பழைய வகைத் தொலைக்காட்சியிலும் இணைக்கலாம். அதற்கான கேபிள் பெட்டியிலேயே உள்ளது. இந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை."

அக்கா சிரித்தாள். பழைய சிரிப்பு, டிவி முன்னால் உட்கார்ந்து சிரித்தது. "அவரு இருந்தா, சிக்னல் விழுந்துச்சுடின்னு சொல்லியிருப்பாரு," என்றாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"அந்த ஃபைலு கட்ட எடுத்துக்கினு வா தம்பி. தேதி போட்டு மூடு. போடலன்னா உனக்குச் சோறு எறங்காது."

கோப்பை எடுத்துவந்தேன். பேனாவைத் திறக்கும் சத்தம் கேட்டதும் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "முடித்த நாள்" என்ற கட்டத்தில் அன்றைய தேதியை எழுதினேன்.

"இன்னா தேதிடா?"

"பதினேழு, மூணு, ரெண்டாயிரத்துப் பதினாறு."